அத்தியாயம் 7: எண்ணெய் கக்கும் ஷாக், தளர்ந்த புஷ்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் சாலையில் சுமார் 16 கிலோமீட்டர் வந்தால் மாகறல். செய்யாற்றங்கரையில் சம்பந்தர் பாடிய மாகறலீஸ்வரர் கோயில். எலும்பு, நரம்புக் கோளாறு தீர வேண்டிக்கொண்டு இங்கே வருகிறவர்கள் உண்டு. அவர்களில் சிலர் வந்து இறங்கும் வண்டியைப் பார்த்தால், வேண்டுதலோடு ஷாக் அப்சார்பரையும் மாற்றிவிடுங்கள் என்று சொல்லத் தோன்றும்.

இந்த அத்தியாயம் மாருதி 800-க்கு. 1983 முதல் 2014 வரை வந்த வண்டி, கிராமத்து வாசல்களில் இன்னும் நிற்கிறது. காஞ்சிபுரம் காந்தி ரோடு கடைகளுக்குப் புடவைக் கட்டு கொண்டுபோகவும் உதவும், கல்யாணத்துக்கு ஏழு பேரை அடைத்துக்கொண்டும் போகும். எடை குறைவு, அமைப்பு எளிமை, உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். கையில் கிரீஸ் படுவதற்கு அஞ்சாதவர் முன்பக்க வேலையை ஒரு பகலில் முடிக்கலாம். ஒரே ஒரு கட்டத்தை மட்டும் வீட்டில் செய்யக் கூடாது. அது எது என்று உரிய இடத்தில் சொல்கிறேன்.

தியரி, இவ்வளவு போதும்

ஸ்பிரிங் வண்டியைத் தாங்குகிறது. ஷாக் அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. ஷாக்கின் உள்ளே எண்ணெய் இருக்கிறது. பிஸ்டன் அதைச் சின்னத் துளைகள் வழியே தள்ளும்போது ஆட்டம் அடங்குகிறது. சீல் தேய்ந்து எண்ணெய் வெளியே போய்விட்டால் பிஸ்டன் சும்மா ஓடும், வண்டி தூக்கித் தூக்கிப் போடும். ஆகவே வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் ஷாக்கைக் குறை சொல்லாதீர்கள். அது ஸ்பிரிங் தளர்ந்த அல்லது உடைந்த அடையாளம்.

முன்பக்கத்தில் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட். பின்பக்கத்தில் இரண்டும் தனித்தனி. 1986-க்கு முன் வந்த முதல் மாடலில் மட்டும் பின்னால் பட்டை ஸ்பிரிங்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

“கடகடன்னு சத்தம் வருது” என்றதும் நாலு ஷாக்கையும் மாற்றுவது நம் ஊர் வழக்கம். பாதி வண்டிகளில் மாற்றிய பிறகும் அதே சத்தம் வரும். குற்றவாளி சில நூறு ரூபாய் ரப்பர் புஷ்ஷாக இருக்கும். காசு செலவழிக்கும் முன் இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள்.

1. அமுக்கிப் பாருங்கள். வண்டியின் ஒவ்வொரு மூலையையும் மூன்று நான்கு முறை பலமாக அமுக்கி, கீழே இருக்கும்போது கையை எடுங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் ஷாக் உயிரோடு இருக்கிறது. அதற்கு மேலும் ஆடினால் போய்விட்டது.

2. தொட்டுப் பாருங்கள். ஷாக்கின் மேல்பகுதியில் புழுதி படிந்த லேசான ஈரம் இருந்தால் கவலை வேண்டாம். எண்ணெய் உடம்பு முழுக்க வழிந்து கீழே சொட்டினால் மாற்ற வேண்டியதுதான்.

3. டயரைத் தடவுங்கள். உள்ளங்கையை டயரைச் சுற்றி ஓட்டினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படுகிறதா? ஷாக் பிடிக்காமல் டயர் குதித்து ஓடியிருக்கிறது. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டையோ புஷ்ஷையோ சந்தேகப்படுங்கள்.

4. ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். வண்டி நின்றபடி இருக்க ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்பட்டும். நீங்கள் பானட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் மேல்மூலையில் கை வையுங்கள். “டங்” என்று ஸ்பிரிங் தாவுவது கைக்குத் தெரிந்தால் மேல் மவுன்ட் அல்லது அதிலுள்ள பேரிங் போயிருக்கிறது.

5. சக்கரத்தை ஆட்டுங்கள். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமுமாக ஆடினால் டை ராடு எண்ட்.

6. சத்தத்தைக் கேளுங்கள். பெரிய வேகத்தடையில் சத்தமில்லை, தார் பெயர்ந்த சின்னக் குழிகளில் மட்டும் “தட தட” என்கிறது என்றால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் பார் புஷ் அல்லது லோயர் ஆர்ம் புஷ்.

ஆறாவது சோதனைக்கு மாகறல் சுற்றுவட்டாரம் தோதானது; சின்னக் குழிக்கும் பெயின்ட் அடிக்காத வேகத்தடைக்கும் இங்கே பஞ்சமில்லை.

என்ன வாங்குவது, எதை வாங்கக் கூடாது

ஷாக்கை எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். முன்னால் என்றால் இடம் வலம் இரண்டும், பின்னால் என்றால் இரண்டும். ஒன்று புதியது, ஒன்று பழையது என்றிருந்தால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது மேல் மவுன்ட், பேரிங், பம்ப் ரப்பர், தூசி உறை எல்லாவற்றையும் கூடவே மாற்றிவிடுங்கள். பின்னால் அவை போனால் இதே வேலையைத்தான் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். இரண்டு முறை கூலி எதற்கு? பால் ஜாயின்ட் லோயர் ஆர்மோடு சேர்ந்தே வருகிறது. ஆட்டம் கண்டால் முழு ஆர்மையும் மாற்றுங்கள்.

சென்னைக்குப் போகிறவர்கள் புதுப் பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை என்று போவார்கள். புதுப்பேட்டையில் கதவு, லைட், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் வாங்கலாம். ஷாக்கும் ரப்பரும் மட்டும் பழையது வாங்காதீர்கள், எவ்வளவு பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தாலும்.

“ரீகண்டிஷன்” ஷாக்கும் அப்படித்தான். துளை போட்டு, கிடைத்த எண்ணெயை ஊற்றி, வெல்டிங் வைத்து அடைத்துத் தருவார்கள். ஷாக்குக்கென்று தனி எண்ணெய் உண்டு; சூடானாலும் அதன் பிசுக்கு அதிகம் மாறாது. இன்ஜின் ஆயில் ஊற்றிய ஷாக் காலையில் கட்டையாக இருக்கும், மதியம் செத்துவிடும். கேஸ் நிரப்பிய ஷாக்கில் வெல்டிங் வைப்பது உயிருக்கே ஆபத்து.

கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை: பெட்டியைப் பிரித்து ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து, தண்டை முழுதாக அமுக்கி, முழுதாக இழுத்துப் பாருங்கள். இரு பக்கமும் எதிர்ப்பு சீராக இருக்க வேண்டும். நடுவில் வெற்றிடம் போலத் தொய்ந்தால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். கடையில் படுக்கவைத்திருந்ததால் காற்று இடம் மாறியிருக்கும். நிமிர்த்திப் பிடித்தபடியே நான்கைந்து முறை மெதுவாக ஏற்றி இறக்கினால் சரியாகிவிடும். அதற்கும் சரியாகாவிட்டால் வேறு கேளுங்கள்.

கருவிகள்

ரிங் ஸ்பேனர் செட், சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், நல்ல சுத்தியல், கம்பி பிரஷ், நோஸ் பிளையர், துரு நீக்கும் ஸ்பிரே, புது ஸ்பிளிட் பின்கள். ஜாக்கி ஒன்று, ஜாக்கி ஸ்டாண்ட் இரண்டு. வண்டியோடு வந்த ஜாக்கி பஞ்சர் வேலைக்குத்தான் சரி; முடிந்தால் டிராலி ஜாக்கி இரவல் வாங்குங்கள்.

இறுக்க அளவு எல்லாவற்றையும் உங்கள் வருட மாடலின் வொர்க்‌ஷாப் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு மாடலின் அளவு உதவாது. “கை இறுக்கம் போதும்” என்பதும் உதவாது.

ஆரம்பிக்கும் முன்: பாதுகாப்பு

- முந்தின நாள் மாலையே எல்லா நட்டு போல்ட்டையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு நீக்கும் ஸ்பிரே அடித்துவிடுங்கள். காலையில் பாதி வேலை முடிந்த மாதிரி.

- ஆற்றங்கரை ஊர்களில் வாசல் மண் இளக்கமாக இருக்கும். வெறும் மண்ணில் ஸ்டாண்ட் வைத்தால் மெல்லப் புதைந்து சாயும். சிமென்ட் தரை இல்லையென்றால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத கெட்டிப் பலகை போடுங்கள்.

- செங்கல், ஹாலோ பிளாக் எதையும் வண்டிக்கு முட்டுக்கொடுக்காதீர்கள். அவை வளையாது, விரிசல் காட்டாது, திடீரென்று நொறுங்கும்.

- கைபிரேக் போட்டு, கியரில் விட்டு, பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடியில் படுக்கவைத்து விடுங்கள். ஸ்டாண்ட் கைவிட்டாலும் அது தாங்கும்.

- லுங்கி வேண்டாம். பேன்ட், ஷூ. தனியாகச் செய்யவும் வேண்டாம். கூட ஒருவர் இருந்தால் போதும், அவருக்கு வேலை தெரிய வேண்டியதில்லை.

முன் ஸ்ட்ரட்டைக் கழற்றுதல்

ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறு பக்கத்தைத் தொடுங்கள். எதையாவது எப்படி மாட்டுவது என்று சந்தேகம் வந்தால், பிரிக்காத பக்கம் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

1. வண்டி தரையில் இருக்கும்போதே சக்கர நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள்.

2. ஜாக்கியில் தூக்கி, மேனுவலில் காட்டிய இடத்தில் ஸ்டாண்ட் வையுங்கள். வண்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் இறக்கி மறுபடி வையுங்கள். பிறகு சக்கரத்தைக் கழற்றுங்கள்.

3. ஸ்ட்ரட்டில் பிரேக் ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப்பைப் பிளையரால் இழுத்து, ஹோஸை விடுவியுங்கள். பிரேக் லைனைப் பிரிக்க வேண்டாம். பிரித்தால் பிளீடிங் வேலை கூடுதலாக வந்துசேரும்.

4. ஸ்ட்ரட்டின் அடியில் நக்கிளோடு சேர்க்கும் இரண்டு போல்ட்டுகளின் நிலையைப் பெயின்டால் கோடு போட்டுக் குறியுங்கள். இந்தக் குறி இல்லாவிட்டால் சக்கரத்தின் சாய்வு மாறிவிடும்.

5. அந்த இரண்டு நட்டுகளையும் தளர்த்துங்கள். முழுதாக எடுக்கும் முன் நக்கிளை ஒரு கம்பியால் மேலே கட்டிவையுங்கள். கட்டாவிட்டால் அது வெளியே சாய்ந்து பிரேக் ஹோஸையும் டிரைவ் ஷாஃப்டையும் இழுக்கும்.

6. பானட்டைத் திறந்து, மேல்மூலையில் மவுன்ட்டைச் சுற்றியுள்ள நட்டுகளைக் கழற்றுங்கள். கடைசி நட்டை எடுக்கும்போது கூட இருப்பவர் கீழே ஸ்ட்ரட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொடவே தொடாதீர்கள்.

7. ஸ்ட்ரட்டைக் கீழ்வழியாக வெளியே எடுங்கள்.

வீட்டில் செய்யக் கூடாத கட்டம்

ஏன் அந்த நடு நட்டைத் தொடக் கூடாது? அதுதான் அமுங்கிய ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருக்கிறது. தளர்த்தினால் மவுன்ட்டும் நட்டும் ஸ்பிரிங்கும் ஒன்றாக முகத்தை நோக்கி வரும். 800-இன் ஸ்பிரிங் சின்னதாகத் தெரியும். வண்டியின் ஒரு மூலையைத் தாங்குவது அதுதான். அதை உங்கள் தாடையில் வாங்காதீர்கள்.

கயிறு கட்டி, சங்கிலி சுற்றி, இரண்டு பேர் மிதித்துக்கொண்டு கழற்றுகிற வித்தையெல்லாம் பார்த்திருப்பீர்கள். வேண்டாம். சாலையோரம் விற்கும் இரண்டு கொக்கி கம்ப்ரஸரும் பழகாத கைக்கு ஆபத்துதான். ஒரு கொக்கி நழுவினாலே ஸ்பிரிங் வளைந்து பறக்கும். கழற்றிய ஸ்ட்ரட்டையும் புதுப் பாகங்களையும் சாக்கில் போட்டு, பைக்கில் காஞ்சிபுரம் கொண்டுபோங்கள். சுவரில் அல்லது பெஞ்சில் பதித்த ஸ்பிரிங் கம்ப்ரஸர் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து மாற்றி வாங்குங்கள். பக்கத்தில் நின்று மூன்று விஷயம் பாருங்கள்.

முதலாவது, ஷாக் தண்டைப் பிளையரால் பிடித்துத் திருப்புகிறார்களா? தண்டின் பளபளப்பில் மயிரிழைக் கீறல் விழுந்தாலும் அது ஏறி இறங்கும்போதெல்லாம் சீலை அறுக்கும். சில மாதங்களில் புது ஷாக் எண்ணெய் கக்கும். புது ஷாக் சீக்கிரம் செத்தது என்று கம்பெனியைத் திட்டுபவர்கள் முதலில் இந்தக் கீறலைத் தேட வேண்டும். தண்டின் நுனியில் பிடிப்பதற்கென்றே வெட்டு கொடுத்திருப்பார்கள். அங்கே மட்டும்தான் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது, ஸ்பிரிங்கின் கீழ்முனை ஷாக் தட்டில் உள்ள படியில் சரியாக முட்டி நிற்கிறதா?

மூன்றாவது, பம்ப் ரப்பரும் தூசி உறையும் உள்ளே போனதா, மேசையிலேயே கிடக்கிறதா? இது சிரிக்கிற விஷயமில்லை. அடிக்கடி கிடக்கும்.

லோயர் ஆர்ம், புஷ்

ஸ்ட்ரட் வெளியே இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது லாபம்.

1. ஸ்டெபிலைசர் பாரின் நுனி லோயர் ஆர்ம் வழியாக வந்து ஒரு கிரீட நட்டில் முடியும். ஸ்பிளிட் பின்னை எடுத்து நட்டைக் கழற்றுங்கள். வாஷர், ரப்பர் எந்த வரிசையில், எந்த முகம் வெளியே பார்த்து வருகிறது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாஷரின் குழிவு திரும்பிப்போனால் புது ரப்பர் சீக்கிரமே கிழியும்.

2. பால் ஜாயின்ட்டை நக்கிளில் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தினால் போதாது. முழுதாக வெளியே எடுக்க வேண்டும். அது ஜாயின்ட் தண்டின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. எடுக்காமல் சுத்தியலால் அடித்தால் நக்கிள்தான் கெடும்.

3. உள்பக்க போல்ட்டைக் கழற்றி ஆர்மை எடுத்து, புதியதை அதே வழியில் மாட்டுங்கள்.

4. உள்பக்க புஷ் போல்ட்டையும் ஸ்டெபிலைசர் நட்டையும் இப்போது பாதிதான் இறுக்க வேண்டும்.

அந்த நாலாவது படியில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது புஷ்ஷை முழுதாக இறுக்கினால், ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டுவிடும். வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. நாளெல்லாம் முறுக்கியபடியே ஓடி, ஒரு மழைக்காலத்துக்குள் வெடித்துவிடும். வண்டி தரையில், தன் சொந்த எடையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம். எண்ணெய், கிரீஸ் எதையும் ரப்பரில் தடவ வேண்டாம். சுலபமாக நுழைய வேண்டுமானால் சோப்புத் தண்ணீர் போதும்.

திரும்ப மாட்டுதல்

1. ஸ்ட்ரட்டை மேலே ஏற்றி, மேல் நட்டுகளைக் கையால் பிடிக்கவிடுங்கள்.
2. நக்கிளைச் சேர்த்து, நீங்கள் போட்ட பெயின்ட் கோட்டில் போல்ட்டுகளை உட்காரவைத்து, மேனுவல் அளவுக்கு இறுக்குங்கள்.
3. பிரேக் ஹோஸைக் கிளிப்பில் மாட்டுங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஹோஸ் எங்கும் உரசாமல், முறுக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள்.
4. சக்கரத்தைப் போட்டு வண்டியை இறக்கி, நாலைந்து முறை அமுக்கி ஆட்டிவிட்டு, மேல் நட்டுகள், புஷ் போல்ட், ஸ்டெபிலைசர் நட்டு, சக்கர நட்டு என்ற வரிசையில் இறுக்குங்கள்.
5. கிரீட நட்டுக்குப் புது ஸ்பிளிட் பின். பழையதை நிமிர்த்திப் போடாதீர்கள்.

பின்பக்க ஷாக்

இது முன்பக்கத்தைவிட எளிது. ஒரே ஒரு பொறி. பின் ஆக்ஸில் கீழே அதிகம் தொங்காமல் பிடித்திருப்பதே ஷாக்தான். தாங்கல் இல்லாமல் ஷாக்கைக் கழற்றினால் ஆக்ஸில் விழும், ஸ்பிரிங் துள்ளி வெளியே வரும், பிரேக் ஹோஸ் அறும். ஆகவே வண்டியைப் பாடியில் ஸ்டாண்ட் கொடுத்து நிறுத்தி, ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கியை வைத்து லேசாகத் தாங்கிக்கொண்டு, கீழ் போல்ட், பிறகு மேல் நட்டு என்று கழற்றுங்கள். ஒரு பக்கம் முடிந்து மாட்டிய பிறகே மறு பக்கம். பின்சீட்டைக் கழற்றிவிட்டுச் சரக்கு ஏற்றுகிறவர்கள் ஸ்பிரிங்கின் ரப்பர் தட்டுகளையும் பாருங்கள். எடை அதிகம் ஏற்றிய வண்டியில் அவை பிய்ந்திருக்கும்.

ஓட்டிப் பார்ப்பதும் அலைன்மென்ட்டும்

முதலில் தெருவுக்குள் நடை வேகத்தில் பிரேக்கைச் சோதியுங்கள். பிறகு நிதானமாக காஞ்சிபுரம் போய் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் மிச்சம் பிடித்த கூலி முழுவதையும் டயர் தின்றுவிடும். ஒரு வாரம் ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபார்க்க வேண்டும். பதினைந்து வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகிறவர்கள், ஆர்.டி.ஓ. சோதனைக்கு முந்தின நாள் செய்யாமல் சில வாரம் முன்னதாகவே இந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

சிட்ரோயன் வைத்திருப்பவர்களுக்கு

இதுவரை சொன்னது ஸ்பிரிங்கும் ஷாக்கும் உள்ள வண்டிக்கு. எண்ணெயும் நைட்ரஜனும் ஸ்பிரிங்கின் வேலையையே செய்யும் சஸ்பென்ஷன் வேறு ஜாதி. 1955-இல் சிட்ரோயன் டி.எஸ். கார் அதை நாலு சக்கரத்துக்கும் கொண்டுவந்தது. பிரான்ஸில் இருக்கும் நம்மவர்கள் சிலரிடம் பி.எக்ஸ்., ஸான்டியா போன்ற அதன் வாரிசுகள் இருக்கலாம். திருவள்ளூர் ஆலையில் தயாரான சி5 ஏர்கிராஸை அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் இருப்பது சாதாரண ஸ்பிரிங், ஷாக்குக்குள் எண்ணெய்த் தடுப்பு மட்டும் கூடுதல்.

பழைய சிட்ரோயனில் அந்த எண்ணெயும் நைட்ரஜனும் அடங்கிய உருண்டை ஸ்பியரை மாற்ற நினைப்பவர் மூன்றை மறக்கக் கூடாது. வண்டி அதன் சஸ்பென்ஷனில் உயர்ந்து நிற்பதை நம்பி அடியில் போகாதீர்கள். அழுத்தம் இறங்கினால் வண்டி படுத்துவிடும். பிரஷரை முழுதாக வெளியேற்றாமல் எந்த இணைப்பையும் திறக்காதீர்கள். பச்சை நிற எல்.எச்.எம். எண்ணெய் கேட்கும் வண்டிக்குச் சாதாரண பிரேக் ஆயில் ஊற்றினால் அத்தனை ரப்பரும் ஊறிக் கெடும். 1966-க்கு முந்தின டி.எஸ்.-இல் எண்ணெய் வேறு. ஊற்றும் முன் டேங்க் மீதுள்ள குறிப்பைப் படியுங்கள்.

பட்டனை அமுக்கினால் தாவும் கார்

800-க்கு ஹைட்ராலிக் அல்லது ஏர் கிட் போட்டு வண்டியைத் தாழ்த்தித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் காரணம் தேடிக் கொடுத்த மாதிரி ஆகும். அந்தப் பணத்துக்கு நாலு நல்ல டயர் வாங்கிப் போடுங்கள்.